எழுதித் தர வந்தவர்கள், எக்ஸ்ட்ரா டைம், காது கேட்காத வகுப்பு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வேலந்தாவளத்தான்

மூன்று வருஷமாகிறது, இன்னும் உறுத்துகிறது, அதனால் கொட்டிவிடுகிறேன். எனக்குப் பார்வை கிடையாது. பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. தமிழ். இரண்டாம் செமஸ்டர் தேர்வன்று வழக்கமாக எனக்கு ஸ்க்ரைப்பாக, நான் சொல்வதை எழுதித் தரும் பெண்ணுக்குக் காய்ச்சல், காலை எட்டரைக்குத்தான் போன் வந்தது. கல்லூரியே ஒரு பிளஸ் ஒன் பையனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கொழிஞ்சாம்பாறைப் பையன், வாயைத் திறந்தால் நம்மூர்ப் பேச்சு. சரி, தப்பித்தோம் என்று ஆரம்பித்தேன். நான் சொல்லச் சொல்ல பேனா ஓடுகிறது, நிற்கவே இல்லை. மற்றவர்கள் வரிக்கு ஒரு தடவை "எந்த ன அண்ணா, ரெண்டு சுழியா மூணு சுழியா" என்று உயிரை எடுப்பார்கள், இவன் ஒன்றுமே கேட்கவில்லை. இவ்வளவு வேகமான ஸ்க்ரைப் வாய்த்ததே இல்லை என்று எனக்குக் குஷி.

முக்கால் மணி நேரம் கழித்து, அறையில் சுற்றிவந்த மேடத்தின் செருப்புச் சத்தம் என் பக்கத்தில் நின்றது. "இதெந்தா மோனே?" என்றார். பேனாவும் நின்றது. பையன் படித்ததெல்லாம் மலையாள மீடியம், தமிழ் பேசத்தான் வரும். நான் சொன்ன அத்தனை தமிழையும் மலையாள எழுத்தில் எழுதி வைத்திருக்கிறான், மூன்றரைப் பக்கம்.

தத்தமங்கலம் வாத்தியார்

தம்பி, கஷ்டமாக இருக்கிறது. என் சர்வீஸில் ஒரு ஸ்க்ரைப் பரீட்சை நடுவே தூங்கிப்போய், நான் தண்ணீர் தெளித்து எழுப்பியிருக்கிறேன். ஆனால் தப்பு கல்லூரி மேல் மட்டும் இல்லை, நீங்களும் கொஞ்சம் முந்திக்கொண்டிருக்க வேண்டும். 2018இல் மத்திய அரசு வெளியிட்ட தேர்வு வழிகாட்டுதலில், உங்கள் தேர்வு நடந்தபோதே இது தெளிவாக இருந்தது: தேர்வு நடத்துகிறவர்கள் ஸ்க்ரைப் தருவதாக இருந்தால், இரண்டு நாள் முன்னாடியே அந்த ஆளைச் சந்தித்து ஒத்து வருமா என்று பார்க்க மாணவருக்கு வாய்ப்பு கொடுக்க வேண்டும். சொந்தமாக ஆள் கூட்டிவந்தால் அவர் படிப்பு உங்கள் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு நான்கு மணி நேரம். இதையெல்லாம் செமஸ்டர் தொடக்கத்திலேயே கடிதமாக எழுதி, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வாயால் சொன்னது எதுவும் நிற்காது. மாற்று ஆள் ஒருவர், மாற்றுக்கு மாற்று ஒருவர் என்று இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், யார் வந்தாலும் முதலில் இரண்டு வரி எழுத வைத்து மூன்றாவது ஆளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இந்த ஒன்றைச் செய்திருந்தால் அன்றைக்கு இந்தக் கூத்தே நடந்திருக்காது.

குப்பம் பஸ்

வாத்தியார் சார், கடிதம் கொடு, சீல் வாங்கு என்பதெல்லாம் சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. நான் கொடுத்தேன். எனக்கு வலது கை பத்து நிமிடத்துக்கு மேல் எழுதினால் இறுகிப்போகும், விரலைப் பிரிக்க இடது கை வேண்டும். சான்றிதழில் ஊனம் 30 சதவீதம். வீடு கிருஷ்ணகிரிப் பக்கம், படித்தது எல்லைக்கு அந்தப்பக்கம் ஒரு கல்லூரி. ஆபீஸில் முதல் கேள்வியே "சதரம் சர்டிபிகேட் எக்கட?" (எங்கே). சதரம் என்பது ஆந்திராவில் தரும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். ஆந்திராவில் எடுத்தால்தானே சார் சதரம் இருக்கும், என்னிடம் இருப்பது தமிழ்நாட்டுச் சான்றிதழும், யூடிஐடி என்கிற மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும். அது இந்தியா முழுக்கச் செல்லும் என்று புரியவைக்கவே இரண்டு நாள் அலைந்தேன். அடுத்து, 40க்குக் கீழே இருந்தால் ஒன்றும் கிடையாது என்றார்கள். 40 இல்லாவிட்டாலும் ஸ்க்ரைப் மறுக்கக்கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, என்னை மாதிரியே எழுதும்போது கை இறுகுகிறவர் போட்ட வழக்குதான். அடுத்த வருஷம் ஆகஸ்டில் அதற்குத் தனி வழிகாட்டுதலும் வந்தது. இரண்டையும் பிரிண்ட் எடுத்துப்போனேன்.

ஆபீஸ்காரர் அதைப் படிக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளி, "பேரு ராய்" என்றார். எழுதினேன். அழகாக வந்து தொலைத்தது. தாளைத் தூக்கி அடுத்த மேஜைக்காரரிடம் காட்டி, "சூடு, எந்த பாக ராசாடு" (பார், எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறான்) என்று சிரித்தார். என் பெயர் ஒன்பது எழுத்து, ஒன்பது எழுத்து யாருக்கும் வரும் சார், ஒன்பது பக்கம்தானே எனக்கு வராது.

களியக்காவிளை அக்கா

நான் சொல்வது என் தங்கச்சி விஷயம். காது கேட்காது, உதடு பார்த்துப் படிப்பாள். நெய்யாற்றின்கரைப் பக்கம் காலேஜ். போர்டைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள், வகுப்பைப் பார்த்துப் பேசினால் போதும் என்று சாரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். நல்ல மனுஷன், உடனே சரி என்றார். மறுநாள் வகுப்பில் அவள் பெஞ்ச் முன்னால் வந்து நின்று, வாயை ஆவென்று பிளந்து, ஒவ்வொரு எழுத்தாக, பச்சைப் பிள்ளைக்குச் சோறூட்டுகிற மாதிரி பேசியிருக்கிறார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அப்படி இழுத்துப் பேசினால் உதடு கோணிக்கொண்டு ஒன்றுமே புரியாது என்பது வேறு கதை. அவள் அன்றோடு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். என்னிடம் நான்கு நாள் பேசவில்லை. யாரைக் கேட்டுப் போய்ச் சொன்னாய் என்ற ஒரே கேள்விதான், அதுவும் வாட்ஸப்பில்.

சுழி எண்ணுபவன்

முதல் பதிவுக்கு வருகிறேன். மலையாள எழுத்தில் ழ, ள, ற எல்லாம் இருக்கிறதே? ந, ன இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பது மட்டும்தான் சிக்கல். மலையாளம் படிக்கத் தெரிந்த தமிழாசிரியர் உங்கள் ஊரில் இல்லாமலா இருப்பார், அப்படியே திருத்தியிருக்கலாம்.

வேலந்தாவளத்தான்

@சுழி எண்ணுபவன், மேடமும் அதைத்தான் கேட்டார். ஆபீஸில் முடியாது என்றுவிட்டார்கள்.

@வாத்தியார் சார், இரண்டு நாள் முன்னாடி சந்திக்கச் சொல்கிறீர்கள், காய்ச்சல் வந்தது அன்று காலையில். இன்னொரு விஷயம், நான் "தமிழ் தெரியுமா" என்று அவனைக் கேட்டேன் சார். "தெரியும்ணா" என்றான். அவன் பொய் சொல்லவில்லையே.

மூன்றரைப் பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார்கள். தமிழ் எழுதத் தெரிந்த ஒரு அட்டெண்டர் அக்கா வந்து உட்கார்ந்தார், முதலிலிருந்து ஆரம்பித்தேன். போன ஒரு மணி நேரத்துக்குப் பதில் இருபது நிமிடம் கொடுத்தார்கள். முதல் கேள்விக்கு என்ன சொன்னேன் என்பது பாதியில் மறந்துபோய்த் தடுமாறினேன். அந்தப் பையன் போகாமல் வாசலிலேயே நின்றிருக்கிறான். அங்கிருந்து மெதுவாக அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தான், நான் சொன்ன அதே வார்த்தைகளில். மேடம் "ஷ்ஷ்" என்றார். அப்புறம் அவன் குரல் கேட்கவில்லை.