லேக் ஜெனீவா: ஓய்வுக்கு வந்தவர்கள் உருவாக்கிய ஊரா?

கேள்வி – கட்டுரையாளன்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், சிக்காகோவிலிருந்து சுமார் 80 மைல் தொலைவிலுள்ள லேக் ஜெனீவாவைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். 2020 கணக்கெடுப்பில் 8,000 பேரைச் சற்றே தாண்டிய சிறிய நகரம் அது. நான் படித்த பயணக் குறிப்புகள் அனைத்தும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன: 1871 அக்டோபரில் சிக்காகோ தீக்கிரையானது, வீடிழந்த செல்வந்தர்கள் இந்த ஏரிக்கரையில் மாளிகைகள் கட்டினார்கள், ஊர் பிறந்தது. கதை இவ்வளவு கச்சிதமாக இருப்பதே என் ஐயத்தைக் கூட்டுகிறது.

உண்மையில் இது ஓய்விடமாகத்தான் தொடங்கியதா? கரை நெடுகத் தனியார் மாளிகைகள் என்றால், ஊர் மக்களுக்கு ஏரி மிஞ்சியதா? கோடையில் மட்டும் வந்துபோகிறவர்களை நம்பிய ஊர் மற்ற மாதங்களை எப்படிக் கடத்தியது? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாவேன்.

பதில் – பழைய வரைபடம்

உங்கள் ஐயம் நியாயமானது. ஊரின் முதல் தொழில் ஓய்வு அன்று, ஆலை. ஏரியின் நீர் ஒயிட் ரிவர் என்ற ஆறாக வெளியேறும் இடத்தில் நல்ல நீர்விசை இருப்பதை 1830களில் இங்கு வந்த நில அளவையாளர் ஜான் பிரிங்க் கண்டுகொண்டார். நியூயார்க் மாநிலத்திலுள்ள ஜெனீவா என்ற ஊரின் நினைவாக ஏரிக்குப் பெயரிட்டவரும் அவரே; சுவிட்சர்லாந்தை நினைத்து வைத்த பெயர் என்று பலர் கருதுவது தவறு. நீர்விசையை நம்பி மரம் அறுக்கும் ஆலையும் மாவு ஆலையும் வந்தன, அவற்றைச் சுற்றிக் குடியிருப்பு வளர்ந்தது.

அதற்கும் முன்பு கரையில் வாழ்ந்தவர்கள் போட்டவாட்டமி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள். 1833ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை அவர்கள் நிலத்தைப் பறித்தது; பிக் ஃபுட் என்று வெள்ளையர்கள் அழைத்த தலைவரும் அவருடைய மக்களும் 1836இல் இங்கிருந்து அகற்றப்பட்டார்கள். ஊரின் 'தொடக்கம்' எது என்று எழுதும்போது இந்த மூன்று வரிகளையாவது விட்டுவிடாதீர்கள்.

தீயின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே 1871இல் ரயில் இங்கு வராமல் இருந்திருந்தால், அந்தச் செல்வந்தர்கள் வேறொரு ஏரியைத் தேடிப் போயிருப்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை சிக்காகோவில் ஏறி, இறங்கிய இடத்தில் காத்திருக்கும் நீராவிப் படகில் மாளிகைக்குப் போய்ச் சேரலாம் என்ற வசதியே ஆலை ஊரை ஓய்வு ஊராக மாற்றியது. கடைசியில் 1970களில் பயணிகள் ரயில் நின்றபோது ஊர் அழியவில்லை. அதற்குள் நெடுஞ்சாலை வந்துவிட்டிருந்தது.

பதில் – கரைநடை

இரண்டாவது கேள்விக்கு என் காலே பதில் சொல்லும். ஏரியை முழுவதும் சுற்றிவரும் நடைபாதை ஒன்று இருக்கிறது. நீளம் சுமார் 21 மைல். போட்டவாட்டமி மக்கள் நடந்த தடத்தை ஒட்டிய பாதை அது என்பார்கள். மாளிகைகளின் புல்வெளிக்கும் தண்ணீருக்கும் நடுவே போகிறது, யார் வேண்டுமானாலும் நடக்கலாம். அதில் ஒரு வேடிக்கை உண்டு: தம் நிலத்தில் வரும் பகுதியை அந்தந்த உரிமையாளரே பராமரிக்க வேண்டும், எந்தப் பொருளால் என்பது அவர் விருப்பம். ஆகையால் சிறிது தூரம் செங்கல் தளம், அடுத்து சரளைக்கல், பிறகு தாவித் தாவிப் போக வேண்டிய பலகைக் கற்கள், அதன்பின் வெறும் புல். இலையுதிர்காலக் காலைப் பொழுதொன்றில் நான் நடந்தபோது, வேலி எதுவுமின்றியே ஒருவரின் நிலம் முடிந்து அடுத்தவருடையது தொடங்குவதைச் செருப்பின் அடியில் உணர முடிந்தது.

நடந்தால் இன்னொன்றும் புலப்படும். பழைய மாளிகைகளின் முகப்பு ஏரியை நோக்கியே இருக்கிறது, சாலை பின்புறம். விருந்தாளி தண்ணீர் வழியே வந்த காலத்தின் அடையாளம் அது. சிக்காகோவில் பீர் ஆலை வைத்திருந்த கான்ராட் சைப் 1888இல் கட்டிய பிளாக் பாயிண்ட் இன்று மாநில வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகம்; இப்போதும் பார்வையாளர்கள் படகில் போய் இறங்கி, நூற்றுக்கு மேற்பட்ட படிகள் ஏறியே அதை அடைகிறார்கள்.

கடிதம் தரும் படகும் இதே மரபின் மிச்சம். 1916 முதல் நடக்கும் இந்தச் சேவையில், படகு நிற்காது. கோடைக்கால ஊழியர் ஒருவர், பெரும்பாலும் மாணவர், மெல்ல நகரும் படகிலிருந்து படகுத்துறைக்குத் தாவி, பெட்டியில் கடிதங்களைப் போட்டுவிட்டு, ஓடிவந்து படகின் பின்பகுதி கடந்துபோவதற்குள் திரும்பத் தாவி ஏற வேண்டும். கணக்குத் தவறினால் குளியல்தான். பயணிகள் கட்டணம் கொடுத்து அந்தப் படகில் ஏறுவதே அதைப் பார்க்கத்தான் என்று தோன்றுகிறது.

கட்டுரையாளன்

இருவருக்கும் நன்றி. 'தீயில் பிறந்த ஊர்' என்று எழுதிவைத்திருந்த என் முதல் வரியை அடித்துவிட்டேன். குளிர்காலம் பற்றி யாரேனும் சொல்வீர்களா?

பதில் – பனிக்காலவாசி

குளிர்காலத்தில் ஏரியே விளைநிலமாக இருந்தது, ஐயா. குளிர்பதனப் பெட்டி வரும்வரை, உறைந்த ஏரியைப் பாளம் பாளமாக அறுத்து, பனிக்கட்டிக் கிடங்குகளில் அடுக்கி, ரயிலேற்றிச் சிக்காகோவுக்கு அனுப்பினார்கள். கோடையில் ஆட்களைக் கொண்டுவந்த அதே தண்டவாளம் குளிர்காலத்தில் தண்ணீரைக் கொண்டுபோயிற்று.

மாளிகைகள் ஆண்டு முழுவதும் ஆட்களைக் கேட்டன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் வராத மாதங்களிலும் தோட்டக்காரரும் படகு பழுதுபார்ப்பவரும் அங்கேதான் இருந்தார்கள். அவர்களே ஊரின் நிலையான குடிகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாளிகைத் தோட்டக்காரர்களின் சங்கம் தனக்கென்று ஹார்ட்டிகல்ச்சுரல் ஹால் என்ற கூடம் ஒன்றைக் கட்டியது. 1968இல் அதே கூடத்தில், இவ்வூர்வாசி கேரி கைகாக்ஸ் மேசை விளையாட்டு ஆர்வலர்களைக் கூட்டினார். 'ஜென் கான்' என்ற அந்தக் கூட்டத்தின் பெயரிலேயே ஊர்ப்பெயர் ஒளிந்திருக்கிறது. 1973இல் அவர் இங்கே தொடங்கிய டி.எஸ்.ஆர். நிறுவனம் அடுத்த ஆண்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, கதைமாந்தராக மாறி ஆடும் மேசை விளையாட்டை வெளியிட்டது. மாளிகைகளைக் காட்டிலும் அதன் பொருட்டே இன்று உலகின் பல மூலைகளில் இவ்வூர் அறியப்படுகிறது என்பது என் கணிப்பு; கரைநடை அவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்!

பதில் – கரைநடை

ஒப்புக்கொள்ளமாட்டேன்தான்; ஆனால் தோட்டக்காரர்களின் கூடம் பற்றி எனக்குத் தெரியாது, அடுத்த முறை பார்த்துவிட்டு வருகிறேன். கட்டுரையாளருக்கு ஒரு சிறு எச்சரிக்கை: நகரின் பெயர் லேக் ஜெனீவா, ஏரியின் பெயர் ஜெனீவா லேக். மாற்றி எழுதினால் அவ்வூர்க்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.