நெதரில் செத்துப்போன மருமகனின் சாமான்கள்: மீட்க வழி உண்டா?

லயத்துவீட்டு மாமா:

வணக்கம். சொந்தக்காரப் பிள்ளைகள் ஏழு பேருக்காக மைன்கிராப்ட் என்ற கணினி ஆட்டத்துக்கு (ஜாவா வகை) சர்வர் ஒன்று நடத்துகிறேன். பதிப்பு 1.20, மாட் (ஆட்டத்தை மாற்றும் சேர்க்கை) எதுவும் இல்லை. ஈப்போவில் என் வாடகை அறையில் ஒரு பழைய லேப்டாப்பில் ஓடுகிறது. பிள்ளைகள் பெரும்பாலும் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறார்கள்.

நேற்றுச் சாயங்காலம் அங்கே இடியோடு மழை. தாமான் முழுக்கக் கரண்டு போய்விட்டது. அந்த நேரம் பார்த்து என் அக்கா மகன் ஆட்டத்தின் நெருப்பு உலகமான நெதரில், கோட்டைப் பாலத்தில் நின்றிருக்கிறான். இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்று படிக்கிறான். இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்டு வந்ததும் உள்ளே போனால், செத்துவிட்டதாகத் திரை. பயந்துபோய் அப்படியே மூடிவிட்டான். வைரக் கவசம் ஒரு செட், நெதரைட் என்ற அரிய உலோகத்தில் ஒரு கடப்பாரை, எல்லாம் பள்ளி விடுமுறை முழுக்கச் சேர்த்தது. கோட்டை எந்தப் பக்கம் என்றுகூட அவனுக்கு ஞாபகமில்லை.

இன்னொன்றும் நடந்துவிட்டது. அவன் திரும்பி வருவதற்குள் என் சித்தப்பா மகன் அவன் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து இரும்பையும் மரகதத்தையும் எடுத்துவிட்டான். "செத்துட்டான்ல, இனி பொதுதானே" என்கிறான். நிஜத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் நான்கு வீடுதான். இன்று காலை ஒரே பள்ளி பஸ்ஸில் போயும் பேசவில்லையாம். கடப்பாரையைவிட அதுதான் எனக்குக் கவலை.

கூலிம் அக்கா:

தம்பி, முதலில் மருமகனை மறுபடி உள்ளே போகவிடாதீங்க. சர்வரையும் நிறுத்தி வையுங்க.

கரண்டு போனது அவன் வீட்டில்தான், உங்கள் சர்வருக்கு அது உடனே தெரியாது. பதில் வரவில்லை என்று முடிவு செய்து அவனை வெளியேற்ற அரை நிமிடம் வரை ஆகலாம். அதுவரை அவன் உருவம் சும்மா நின்றிருக்கும். கோட்டையில் திரியும் விதர் எலும்புக்கூடு என்ற எதிரி பக்கத்தில் இருந்தால் அந்த நேரம் போதும். பிள்ளை மேல் தப்பே இல்லை, அதை முதலில் அவனிடம் சொல்லுங்க.

இப்போது ஒரே கேள்விதான். அவன் செத்த பிறகு நெதருக்குள் யாராவது இருந்தார்களா?

செத்தவனின் சாமான் தரையில் 5 நிமிடம் கிடக்கும், அதாவது ஆட்டத்தின் நேரக் கணக்கில் 6000 டிக், அப்புறம் மறைந்துவிடும். ஆனால் அந்த இடத்தை சர்வர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தக் கணக்கு ஓடும். சுற்றுவட்டாரத்தில் ஆளே இல்லையென்றால் அப்படியே உறைந்து நிற்கும், இரண்டு மணி நேரம் ஆனாலும் இரண்டு நாள் ஆனாலும் சரி. பலர் இது தெரியாமல் "5 நிமிஷம் ஆச்சு, போச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது வயிற்றெரிச்சல்.

லயத்துவீட்டு மாமா:

ஒருத்தி இருந்தாள் அக்கா, ஜொகூர் பாருவில் இருக்கும் என் தங்கை மகள். ஆனால் அவள் பிக்லின் என்ற நெதர்வாசிகளோடு பண்டமாற்று செய்யும் இடத்தில் இருந்தாளாம், கோட்டையிலிருந்து நல்ல தூரம். சிமுலேஷன் தூரத்தை, அதாவது ஒரு ஆளைச் சுற்றி சர்வர் ஓட்டும் தூரத்தை, நான் மாற்றவே இல்லை, 10தான். சர்வரை நிறுத்திவிட்டேன்.

ஒவ்வொருவர் நிலையையும் சேமிக்கும் பிளேயர்டேட்டா கோப்புறையில் டேட் ஓல்ட் என்று முடியும் ஒரு கோப்பு பார்த்தேன். அதிலிருந்து எடுக்கலாமா?

கூலிம் அக்கா:

நல்ல யோசனைதான், ஆனால் தாமதமாகிவிட்டது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பழைய கோப்பு அந்தப் பெயருக்கு நகரும். அவன் உள்ளே போகாமல் இருந்திருந்தால் சாவதற்கு முந்தைய நிலை அதில் இருந்திருக்கும். போய் வந்ததில் இரண்டுமே செத்தவன் கோப்புகளாகிவிட்டன. இன்றிலிருந்து தினமும் உலகக் கோப்புறையை ஒரு பென்டிரைவில் நகல் எடுங்க.

10 என்றால் 10 சங்க் (நிலத்துண்டு), ஒரு சங்க் 16 கட்டை, ஆக 160 கட்டை. அவள் அதற்கு அப்பால் இருந்திருந்தால் சாமான் இருக்கும். தைரியமாகப் போகலாம்.

செம்பனைக்காடு:

இடத்தைக் கண்டுபிடிக்க நான் சொல்கிறேன் அண்ணா. 1.19லிருந்து கடைசியாகச் செத்த இடத்தை ஆட்டமே நினைவில் வைக்கிறது. ரெக்கவரி காம்பஸ் என்ற திசைகாட்டி அதைத்தான் காட்டும். ஆனால் அதைச் செய்ய எட்டு எக்கோ சில்லு வேண்டும், சின்னப் பையன் அதற்காகப் பாதாள நகரத்துக்குப் போனால் இன்னொரு தடவை சாவான்.

நீங்கள் சர்வர்காரர் என்பதால் அது தேவையில்லை. அவன் உயிர்த்தெழுந்த பிறகு சர்வர் திரையில் டேட்டா கெட் என்டிட்டி, அப்புறம் அவன் பெயர், அப்புறம் லாஸ்ட்டெத்லொகேஷன் என்று கேளுங்கள். அந்த இடத்தைக் குறிக்கும் மூன்று எண் வரும்.

சர்வரை மறுபடி தொடங்குவதற்கு முன் சிமுலேஷன் தூரத்தை 5 ஆக்கிவிடுங்கள். அப்போது 80 கட்டைக்குள் வந்த பிறகுதான் நேரம் ஓடத் தொடங்கும். கிட்டே போய் நின்று யோசிக்க வேண்டாம், நேரே ஓட வேண்டும். தீத்தடுப்பு மருந்து கட்டாயம். மற்ற ஆறு பேரையும் நெதரைவிட்டு வெளியே இருக்கச் சொல்லுங்கள்.

செத்தாலும் சாமான் கையிலேயே இருக்கும் கீப்இன்வென்டரி விதியைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்குச் சம்மதமில்லை. சாவுக்குப் பயம் இல்லாவிட்டால் பாலத்தில் யாரும் பார்த்து நடக்க மாட்டார்கள். வால்ஹெய்ம் என்ற இன்னோர் ஆட்டத்தில் செத்த இடத்தில் ஒரு கல்லறை நின்று, நீங்கள் போகும்வரை சாமானைக் காக்கும். ஆனால் திறமைகளில் 5 விழுக்காடு குறையும். அந்த நியாயம் எனக்குப் பிடிக்கும். மைன்கிராப்டில் அது இல்லையே.

பால்மரத்து ஆயா:

பேரனுக்காக இந்த ஆட்டம் கற்றுக்கொண்டவள் நான். பெட்டி விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தோட்டத்தில் நாங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்த காலத்தில், ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அவர் தகரப் பெட்டியை 16ஆம் நாள் கருமக்கிரியை முடியும்வரை எங்கள் வீட்டில் யாரும் திறக்க மாட்டோம். அப்புறம் பெரியவர்கள் முன்னால் திறந்து, யாருக்கு எது என்று பேசிக் கொடுப்போம். இந்தப் பிள்ளை செத்தும் போகவில்லை, திரும்பி வரப்போகிறவன். அவன் பெட்டியை இரண்டு மணி நேரத்தில் திறந்தது தப்பு. எடுத்தவன் கெட்ட எண்ணத்தில் எடுத்திருக்க மாட்டான், யாரும் சொல்லி வைக்காத விதி அவனுக்கு எப்படித் தெரியும்? திட்டாமல் திருப்பி வைக்கச் சொல்லுங்கள் தம்பி. கூடவே பெட்டி மேல் ஒரு பலகை வைத்து எழுதிவிடுங்கள்: இது வீட்டுக்காரருடையது, இது எல்லோருக்கும்.

உயிரான சாமானுக்கு எண்டர் பெட்டி இருக்கிறது. 27 இடம். ஒரே பெட்டியை ஏழு பேர் திறந்தாலும் ஆளுக்கு அவரவர் சாமான்தான் தெரியும், அடுத்தவர் கை வைக்க முடியாது. செத்தாலும் உள்ளே இருப்பது போகாது.

லயத்துவீட்டு மாமா:

கிடைத்துவிட்டது! மூன்று எண்ணும் வந்தன. மருமகன் மருந்து குடித்துவிட்டு ஓடினான், நான் போனில் வழி சொன்னேன். கால்சட்டையும் காலணியும் பாலத்திலேயே கிடந்தன. தலைக்கவசமும் மார்புக்கவசமும் காணோம், கீழே எரிகுழம்பில் விழுந்து எரிந்திருக்க வேண்டும். நெதரைட் மட்டும் எரியாது என்பதால் கடப்பாரை எரிகுழம்பின் மேலே மிதந்துகொண்டிருந்தது. அவன் கத்திய கத்தலில் அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

ஆயா சொன்னபடியே சித்தப்பா மகனிடம் திட்டாமல் பேசினேன். இரும்பு முழுவதும் திரும்பி வந்தது. மரகதத்தில் பாதியை அவன் கிராமத்தானிடம் செலவழித்துவிட்டான், மீதியைச் சேர்த்துத் தருகிறேன் என்றிருக்கிறான். பலகையும் எழுதிவிட்டோம்.

எண்டர் பெட்டிக்கு எட்டு அப்சிடியன் கல் இருக்கிறது, எண்டர் கண் ஒன்று குறைகிறது. அதற்கு பிளேஸ் தூள் வேண்டும், அது அந்தக் கோட்டையில்தான் கிடைக்கும். சனிக்கிழமை காலை, மழைக்கு முன்னால், இரண்டு பேரும் சேர்ந்து போகிறார்களாம். உலகத்தை இன்றே நகல் எடுத்துவிட்டேன் அக்கா.