ஆயாவின் வெல்லக் காபி: பால் திரியாமல் போடுவது எப்படி?

காவேரிப்பட்டினத்தான்:
தூர்தர்ஷன் காலத்தில் எங்கள் தெருவில் டிவி இருந்தது எங்கள் வீட்டில்தான். நரசுஸ் காபி விளம்பரத்தில் "பேஷ் பேஷ், ரொம்ப நன்னாயிருக்கு" என்று வருமே, தாத்தா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். களி, கருவாட்டுக் குழம்பு, சீம்பால், எதைத் தின்றாலும் அதே பாராட்டு. ஆயா போடும் காபிக்கு மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. ஆயா அதைச் சொல்லிச் சொல்லியே ஏசுவார்.

எனக்கு வேண்டியது அந்தக் காபிதான். ஃபில்டர் கிடையாது. கொதிக்கிற தண்ணீரில் தூளைப் போட்டு மூடி வைத்து, துணியில் வடிகட்டி, வெல்லமும் எருமைப்பாலும் சேர்ப்பார். தூள் பஸ் ஸ்டாண்டு பக்கம் அரைக்கிற கடையில் வாங்கியது. விளம்பரத்தில் வருகிற தூள் டப்பா விருந்தாளிகளுக்கு மட்டும்! இப்போது ஓசூரில் நான் போட்டால் பால் திரிகிறது, அந்தக் கறுப்பும் வரவில்லை. தூள் சிக்கரி இல்லாத சுத்தக் காபி.

அப்புறம், அரவிந்த்சாமி வந்த காபி விளம்பரமும் நரசுஸ்தானா? வீட்டில் பஞ்சாயத்து ஓடுகிறது.

பாலக்கோடு அக்கா:
தம்பி, வெல்லத்தைப் பாலோடு சேர்த்துக் கொதிக்க விட்டால் திரியத்தான் செய்யும். டிகாக்ஷனிலேயே வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டிக்கொள். பாலைத் தனியாகக் காய்ச்சி இறக்கி, கொஞ்சம் சூடு தணிந்ததும் ஊற்று. கலந்த பிறகு திரும்ப அடுப்பில் வைக்காதே. கடத்தூர் பக்கத்துப் பனை வெல்லம் கிடைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். நாங்கள் சுக்கும் ஒரு துளி தட்டிப் போடுவோம், உங்கள் ஆயா போட்டாரா தெரியாது.

பழைய ரேடியோ:
அரவிந்த்சாமி வந்த விளம்பரம் லியோ காபி. இசை ஏ.ஆர்.ரஹ்மான், சினிமாவுக்கு வருவதற்கு முன் போட்டது. நரசுஸ் நம்ம சேலத்துக் கம்பெனி, 1926இல் ஆரம்பித்தது. உங்கள் காவேரிப்பட்டினம் இருந்த தர்மபுரிப் பக்கம் 1965 வரை சேலம் மாவட்டத்தில்தானே இருந்தது, அதனால் தாத்தா உள்ளூர்க்காரனைத்தான் பாராட்டியிருக்கிறார்!

டபரா செட்:
கறுப்புக்குக் காரணம் சிக்கரி. அது ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்துக் கலப்பார்கள். நிறமும் கெட்டித்தன்மையும் கொடுக்கும், காஃபீன் கிடையாது. பாக்கெட்டில் எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்கும், 49க்கு மேல் போகக்கூடாது. 70:30 கலவை (காபி 70, சிக்கரி 30) வாங்கிப் பாருங்கள். நான் 80:20க்கு மேல் சிக்கரி சேர்த்ததைத் தொடவே மாட்டேன், அது வேறு விஷயம்.

காவேரிப்பட்டினத்தான்:
அக்கா, சுக்கு! எங்கள் வீட்டிலும் மழைக்காலத்தில் உண்டு, மறந்தே போயிருந்தேன். 70:30 நாளைக்கே வாங்குகிறேன். லியோ விஷயத்தில் என் மனைவி ஜெயித்துவிட்டாள், இன்று ராத்திரி முழுக்க அதைத்தான் கேட்க வேண்டும்.