‘தாத்தா வீடு, உவரி’ குழு: வியாழன் சாயங்காலம்

ராஜன்: (படம்)

ராஜன்: சித்தப்பா வேலை முடிஞ்சிட்டா? வள்ளத்து இஞ்சின் கால்ல, தண்ணிக்குள்ள நிக்கிற அடிப்பாகத்துல இருந்து ஆயில் வருது. கரையேத்தி வச்ச எடத்துல மண்ணு கருப்பா நனைஞ்சு கெடக்கு

இடிந்தகரை மாமா: படம் தெரியலடே

ரோஸி மதினி: ஞாயித்துக்கிழமை பிள்ளைக்குப் புதுநன்மை, மொத மொத நற்கருணை வாங்குது. இப்பத்தான் இது வரணுமா மாதாவே

ஜெரால்டு: எந்த ஆயில்

ராஜன்: ஆயில்தான்

ஷார்ஜா சித்தப்பா: பதறாத. மொதல்ல அது என்ன ஆயிலுன்னு பாரு. நம்ம மாதிரி டூ ஸ்ட்ரோக் இஞ்சின்ல புகை விசிறிக் குடம், அதான் புரொப்பல்லர் நடு ஓட்டை வழியாத்தான் வெளிய போகுது. எரியாத ஆயிலும் அதோட சேந்து கருப்பாக் கூழ் மாதிரி வடியும். அது கசிவே இல்ல. ரெண்டு வெரலுக்கு நடுவுல வச்சுத் தேய்ச்சு மோந்து பாரு. கியர் ஆயில்னா கட்டியா வழுவழுன்னு இருக்கும், அழுகுன முட்டை மாதிரி கந்தக வாடை அடிக்கும். புகை வாடை மட்டும்னா தொடச்சு விட்டுட்டுப் போ

ராஜன்: முட்டை வாடைதான்

ஜெரால்டு: முடிஞ்சிது

பாளை அக்கா: கேட்டரிங்காரர் மீன் யாரு தாரான்னு கேக்காரு. 30 கிலோ சீலா நீங்கதான் கொண்டு வாரோம்னிய

ஜெரால்டு: சனிக்கிழமை ராவு போவோம்லா. ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கெடக்கு. நமக்கு மீன் கெடைக்கும்

ராஜன்: ஆயிலை நெறச்சுட்டுப் போயிரலாமா சித்தப்பா? ஒரு ராவுதான

ஷார்ஜா சித்தப்பா: கூடாது. ஆயில் வெளிய போறது பெருசு இல்லடே, அந்த வழியா உப்புத்தண்ணி உள்ள போறதுதான் எமன். பேரிங்கு துரு ஏறிரும், கியர் பல்லு தேஞ்சிரும். ஆயில் வடிக்கிற கீழ் ஸ்க்ரூ வாஷர் எப்ப மாத்துன?

ராஜன்: ஞாபகம் இல்ல

ஷார்ஜா சித்தப்பா: பழைய வாஷர்னா அதுவழியாவே கசியும். இதுதான் சின்ன செலவு, அதனால மொதல்ல இதப் பாரு. அடுத்து விசிறித் தண்டு. கொண்டை ஊசியை உருவி, நட்டைக் கழட்டி, விசிறியையும் பின்னால உள்ள வாஷரையும் எடு. உள்ள தங்கூசி நைலான் நூல் சுத்திக் கெடக்கான்னு டார்ச் அடிச்சுப் பாரு

ராஜன்: ம்

ஜெரால்டு: என்னல ம்

ராஜன்: திங்கக்கிழமை கூட்டப்பனைக்கு நேரா வலையில விசிறி மாட்டிச்சு. அறுத்து விட்டேன்

ஜெரால்டு: ஏன் சொல்லல

ராஜன்: சொன்னா நீ என்ன செய்வன்னு தெரியாதா

ஜெரால்டு: மூணு நாளா அதோட ஓட்டிருக்க!

பாளை அக்கா: 2019ல என் செயினை வச்சுத்தான் அந்த இஞ்சின் வாங்குனிய. இன்னும் திருப்பல. சொல்லிக்காட்டல, ஞாபகத்துக்குச் சொல்லுதேன்

ரோஸி மதினி: அத இப்ப பேசணுமா அக்கா

இடிந்தகரை மாமா: தங்கூசி ஆயில் சீலைத் தின்னுரும். எனக்கும் ஆயிருக்கு

ஷார்ஜா சித்தப்பா: மாமா சொன்னது சரி. சுத்துன நூல் சூடேறி உருகி சீல் உதட்டுக்கு அடியில போயிரும். சீல்னா தண்டைச் சுத்தி இருக்க ரப்பர் வளையம். பொதுவா ரெண்டு சீல் முதுகோட முதுகா இருக்கும். உள்ளது ஆயிலைப் பிடிக்கும், வெளியில உள்ளது தண்ணியத் தடுக்கும். சீலைக் கழட்டினதும் அது ஒக்காந்த எடத்துல தண்டுமேல நகத்தால நீளவாக்குல கீறிப் பாரு. நகம் பள்ளத்துல மாட்டுச்சுன்னா புது சீல் போட்டாலும் ஒழுகும். இத நெறய மெக்கானிக்கே பாக்குறதில்ல

ராஜன்: அப்ப சீல்தான்னு முடிவு பண்ணிரலாமா

ஷார்ஜா சித்தப்பா: நூலைப் பாத்ததும் முடிவு பண்ணிராத. இங்க ஷார்ஜாவுல எங்க போட்டு ரிப்பேர் யார்டுக்கு வர்றது ஸ்டெர்ன்டிரைவ். இஞ்சின் போட்டுக்குள்ள, காலு பின்பலகைக்கு வெளிய. பலதுல கியர் ஆயிலுக்கு இஞ்சின் பக்கமே ஒரு பாட்டில் இருக்கும், மட்டம் எறங்கினா உடனே தெரியும். ஆனா ஒழுகுற எடம் நம்மளதவிட கூட. பாட்டில்ல இருந்து போற ஹோஸ், மேல்பாதியும் கீழ்பாதியும் சேருற எடத்து ரப்பர் ஓரிங், கியர் மாத்துற தண்டோட சீல். ஒரு போட்டுக்கு மூணு நாளா விசிறி சீலையே மாத்திக்கிட்டு இருந்தானுவ. நான் பெல்லோஸை, இஞ்சினுக்கும் காலுக்கும் நடுவுல உள்ள மடிப்பு ரப்பர் குழாயைக் கழட்டுனேன், உள்ள ஆயில் தேங்கி நிக்கி. மேல இஞ்சின் தண்டு காலுக்குள்ள நொழையுற எடத்து இன்புட் சீல் போயிருக்கு!

ரோஸி மதினி: சித்தப்பா சாப்பிட்டியளா

ஷார்ஜா சித்தப்பா: இனிமேத்தான் மா. ராஜன் கேளு. ஆயிலை வடிச்சுட்டு, மேல் ஸ்க்ரூ ஓட்டை வழியா கேஜ் வச்ச கைப்பம்புல 10 பிஎஸ்ஐ காத்து ஏத்து. அதுக்கு மேல போகாத, சீல் பிதுங்கிரும். 5 நிமிஷம் முள்ளு எறங்கக் கூடாது. எறங்கினா காலை தண்ணி டிரம்முல முக்கி, விசிறித் தண்டைக் கையால சுத்து, கியரை முன்ன பின்ன போடு. குமிழி வர்ற எடம்தான் ஒழுகுற எடம்

ராஜன்: பெரியம்மா வீட்டு நீல டிரம்மு எடுத்துக்கிடட்டா

பெரியம்மா: (குரல் பதிவு, 0.48)

பாளை அக்கா: தரமாட்டாவளாம். ஞாயித்துக்கிழமைக்குக் குடிதண்ணி பிடிக்க நேத்துதான் கழுவி வச்சாவளாம். ஆயில் வாடை போவாதுன்னு சொல்லுதாவ

ஷார்ஜா சித்தப்பா: பெரியம்மா சொல்றது நியாயம். சோப்புத் தண்ணி தெளிச்சும் பாக்கலாம், நொரை கட்டும். டிரம்முல சின்னக் கசிவும் தெரியும், அவ்வளவுதான்

ஜெரால்டு: இதெல்லாம் எப்ப செய்ய. சனிக்கிழமை போறமா இல்லையா

ஷார்ஜா சித்தப்பா: இன்னைக்கு எதையும் கழட்டாத. இஞ்சினை நட்டமா நிறுத்து, ராவு முழுக்க ஆடாம நிக்கட்டும். விடிஞ்சதும் கீழ் ஸ்க்ரூவை மெதுவா இளக்கு, முழுசா எடுத்துராத. தண்ணி அடியில நிக்கும், அதான் மொதல்ல வரும். ஒரு கண்ணாடி கிளாஸ்ல பிடி. நிறத்தைச் சொல்லு

இடிந்தகரை மாமா: என்கிட்ட பழைய டிரம்மு கெடக்கு. ஓட்டை

(வெள்ளி, காலை 5.52)

ராஜன்: சித்தப்பா, மொதல்ல ரெண்டு கரண்டி தண்ணி. பொறவு பால் ஊத்துன டீ நிறத்துல வந்துச்சு. நாக்குல வச்சுப் பாத்தேன், உப்பு

ஷார்ஜா சித்தப்பா: நாக்குல வைக்காதல. கடலுக்கு எறங்காத. ஸ்க்ரூ நுனியில என்ன ஒட்டியிருக்கு?

ராஜன்: மை மாதிரி இருக்கு. துண்டு துணுக்கு இல்ல

ஷார்ஜா சித்தப்பா: நல்லது, பல்லு ஒடையல. தண்ணிய முழுசா வடிச்சு விடு. இன்னைக்கே காத்து ஏத்திப் பாரு, இல்லன்னா உள்ள துரு பிடிக்கும்

ஜெரால்டு: நான் வாரேன். நீ ஒத்தையில விசிறியைக் கழட்டாத

ரோஸி மதினி: அப்ப மீனுக்கு யாரு போறா

பெரியம்மா: (குரல் பதிவு, 0.09)

பாளை அக்கா: டிரம்மை எடுத்துட்டுப் போகச் சொல்லுதாவ. கழுவி வெயில்ல கவுத்து வைக்கணுமாம்

ரோஸி மதினி: மீனுக்கு யாரு போறான்னு கேட்டேன்