எல்லைக்கோட்டுக்கு உள்ளே 400 மீட்டர்: முழு சூரிய கிரகணம் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். 2024 ஏப்ரல் 8, டெக்சாஸ், சான் அன்டோனியோ. முழு மறைப்பின் எல்லைக்கோடு எங்கள் ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. வடமேற்குப் பக்கத்துக்கு முழு கிரகணம், டவுன்டவுனுக்குக் கிடையாது. வரைபடத்தில் தேடினால் எங்கள் அபார்ட்மெண்ட் கோட்டுக்கு உள்ளே 400 மீட்டர். இருபது நொடி சொச்சம் கிடைக்கும், வாசலிலேயே நின்று பார்த்துவிடலாம் என்றாள் மனைவி.

சில நாள் முன்பு இன்னொரு வரைபடம் கண்ணில் பட்டது. நிலாவின் விளிம்பு வழவழப்பான வட்டம் இல்லை, மலையும் பள்ளமுமாக இருக்கிறது, ஒரே ஒரு பள்ளம் வழியாக வெயில் ஒழுகினாலும் அது முழு மறைப்பு ஆகாது. நிலாவைச் சுற்றிவரும் நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் அளந்துகொடுத்த மேடுபள்ளம் வரைக்கும் இப்போது கணக்கில் சேர்க்கிறார்கள். அதோடு சூரியனின் ஆரத்தையும் வழக்கமான அளவைவிடத் துளி கூட்டி வைத்தால் பாதையின் ஓரம் 600 மீட்டர் வரை உள்ளே சுருங்கும் என்றது அந்த வரைபடம். எங்கள் 400 மீட்டர் அதிலேயே போயிற்று!

ஓரத்தில் ஒவ்வொரு கிலோமீட்டரும் பொன் மாதிரி. 1 கிலோமீட்டர் உள்ளே போனால் 40 நொடி போல, 10 கிலோமீட்டர் போனால் 2 நிமிடம். வடமேற்கே பெர்னி என்ற ஊர் வரை போனால் மூன்று நிமிடத்துக்கு மேல். காலையிலேயே கிளம்பிவிட்டோம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு மனசே இல்லை, "நம்ம பஞ்சாங்கத்துல இந்த கிரகணமே போடலையே" என்றார். இந்தியாவில் தெரியாததைப் போடமாட்டார்கள் என்று சொல்லி ஏற்றினேன். அப்பா 2019 டிசம்பர் 26 அன்று கரூரில் வளைய சூரிய கிரகணம் பார்த்தவர், அதனால் உடனே ரெடி.

மேகம்தான் வயிற்றைக் கலக்கியது. ஒன்றரை மணி தாண்டி, கைபேசியில் நொடி இறங்க இறங்க மேகம் மெலிந்தது. பார்க்கிங்கில் அதுவரை கத்திக்கொண்டிருந்த கறுப்புப் பறவைகள் மொத்தமாக ஒரு ஓக் மரத்துக்குள் போய் அடங்கின. எண் பூஜ்யத்தைத் தொடவும் விளக்கை அணைத்த மாதிரி இருள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொன்ன நொடிக்கு வந்துருச்சு பாரு" என்றார், குரல் கம்மிவிட்டது. டவுன்டவுனிலேயே இருந்துவிட்ட நண்பருக்கு 99.9 சதவீதம். சாயங்காலம் மாதிரி இருந்தது, அவ்வளவுதான் என்றார். தயவுசெய்து 99-ஐ நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

*

எனக்கு 2009 ஜூலை 22, பீகாரில் தாரேக்னா. அப்போது பாட்னாவில் வேலை. இந்தியாவில் மேகம் குறைவாக இருக்க வாய்ப்புள்ள இடம் என்று அதைச் சொல்லியிருந்ததால் கூட்டமான கூட்டம். விடிந்தால் வானம் முழுக்க மேகம், சூரியனைக் காணவே இல்லை. ஆனால் 6:24-க்கு இருட்டியது பாருங்கள், மேகத்துக்கு அடியிலும் நேரம் தப்பவில்லை. அழுகை வந்தது, இரண்டு காரணத்துக்கும்.

ஏறக்குறைய ஒரே மாதிரியான கிரகணங்கள் திரும்பத் திரும்ப வரும் வரிசைக்கு சாரோஸ் என்று பெயர். அதே சாரோஸ் வரிசையின் அடுத்த கிரகணம் 18 ஆண்டு, 11 நாள், 8 மணி நேரம் கழித்து, அதாவது 2027 ஆகஸ்ட் 2. அந்த 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுற்றிவிடுவதால் பாதை மேற்கே தள்ளிப்போய் எகிப்தில் விழுகிறது. லக்சரில் ஆறு நிமிடத்துக்கு மேல், அதுவும் மழையே காணாத ஊர். காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

*

பஞ்சாங்கம் பற்றி எழுதியிருந்தீர்களே, அதற்காக இது. சந்திர கிரகணம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும். 1825-இல் நம் பஞ்சாங்கக் கணக்குகளை ஆராய்ந்த ஜான் வாரன் என்பவர் பாண்டிச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைக் கிரகணம் கணிக்கச் சொன்னார். அவர் எழுதியெல்லாம் பார்க்கவில்லை. சோழிகளைத் தரையில் வைத்து, எண்களைச் சொற்களாக்கி மனப்பாடம் செய்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லியே போட்டார். மே 31 இரவு கிரகணம், தொடக்கத்தில் பிசகு வெறும் 4 நிமிடம். நடுவில் 23, முடிவில் 52 என்று கூடியது உண்மைதான். இருந்தாலும் அந்த 4 நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

*

முதலில் எழுதிய நானேதான் மறுபடியும். இதையெல்லாம் அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். லக்சருக்கு டிக்கெட் போடும்போது தனக்கும் சேர்த்துப் போடச் சொல்கிறார்.