விரல் முட்டி வெண்புள்ளிக்கு டாக்ரோலிமஸ் களிம்பு கேட்கவில்லை

என் மகளுக்கு 13 வயது. ஊர் தஞ்சாவூர். போன ஆவணியில் இடது கண்ணிமை ஓரத்தில் மிளகளவு வெள்ளை தெரிந்தது. தீபாவளிக்குள் உதட்டோரம், இரு கை விரல் முட்டிகள் வரை பரவிவிட்டது. அரிப்போ செதிலோ இல்லை. தைராய்டு பரிசோதனையும் சரியாகத்தான் இருக்கிறது.

தோல் மருத்துவர் முதலில் மொமெட்டசோன் க்ரீம் கொடுத்தார். அது ஸ்டீராய்டு, முகத்தில் ரொம்ப நாள் தடவக்கூடாது என்று ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் 0.1% களிம்புக்கு மாற்றினார். காலையும் இரவும் தடவுகிறோம். ஆரம்பத்தில் எரிந்தது, அப்புறம் பழகிவிட்டது. இமையில் மயிர்க்கால்களைச் சுற்றிப் பழுப்புப் பொட்டுகள் முளைத்து ஒன்றோடொன்று சேர்ந்து வருகின்றன. பார்க்கவே அவ்வளவு நிம்மதி! விரல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அங்கே மயிர்க்கால்கள் குறைவு, நிறம் திரும்புவது கடினம் என்கிறார். வகுப்பில் பிள்ளை கையைத் துப்பட்டாவுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறாள்.

சொந்தக்காரர்கள் சொன்ன கார்போகரிசி (ஒரு மூலிகை விதை) எண்ணெயை நாங்கள் தொடவில்லை. தடவிய இடத்தில் வெயில் பட்டால் கொப்புளிக்கும்.

இப்போது களிம்போடு நேரோபேண்ட் யுவிபி (ஒருவகைப் புற ஊதா) ஒளி சிகிச்சையும் சேர்க்கலாம் என்கிறார் மருத்துவர். இந்த வயதுப் பிள்ளைக்கு அப்படிச் சேர்த்து எடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: விரல் முட்டியில் நிறம் திரும்பியதா?