மேட்டில் புல்லிங் விழுகிறது, எந்த ஸ்கேனர் வாங்கலாம்?

கூடலூர் ஜீப்:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். தேனி மாவட்டம் கூடலூரிலிருந்து தினமும் விடியற்காலை ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறுகிறேன். 2018 மாடல் டீசல் வண்டி, பிஎஸ்4. மூன்று வாரமாக லோயர் கேம்ப் தாண்டி மேடு பிடித்ததும் புல்லிங் விழுந்து, செக் எஞ்சின் லைட் எரிகிறது. அணைத்து ஸ்டார்ட் செய்தால் சரியாகும், இரண்டு வளைவு போனதும் பழையபடி ஆகிவிடும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்து, பி0299 என்ற எரர் கோடு வந்ததாகச் சொல்லி, எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சாரை மாற்றினார்கள். நாலாயிரம் செலவு, குறை தீரவில்லை. நானே ஒரு ஸ்கேனர் வாங்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். வண்டியின் சாக்கெட்டில் சொருகி போனில் பார்க்கும் ஆயிரம் ரூபாய் ப்ளூடூத் ஓபிடி போதுமா, இருபதாயிரம் ரூபாய் ஸ்கேனர் வேண்டுமா? பின்னால் ஆட்களை வைத்துக்கொண்டு மேட்டில் வண்டி திணறும்போது பயமாக இருக்கிறது.

சின்னமனூர் எலெக்ட்ரீஷியன்:
முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். எஞ்சின் ஓடாதபோது பேட்டரி 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது 14 பக்கம் காட்ட வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் சென்சார்கள் தாறுமாறாகப் பேசலாம். இன்னொன்று, ப்ளூடூத் ஓபிடியைச் சொருகியபடியே விட்டுவிடாதீர்கள். அந்த சாக்கெட்டின் 16ஆவது பின்னில் சாவியை எடுத்தாலும் கரண்ட் வரும். வண்டியைப் பல நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடலாம்.

குமுளி மெக்கானிக்:
தம்பி, டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம் எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை என்பதுதான் பி0299. சென்சார் கெட்டது என்று அந்தக் கோடு எங்கேயும் சொல்லவில்லை. வயிறு வலிக்கிறது என்று சொல்லும், எதைத் தின்றதால் என்பதை நாம்தான் தேட வேண்டும்.

உனக்குத் தேவை லைவ் டேட்டா, அதாவது அந்தந்த நொடியில் சென்சார்கள் காட்டும் எண்கள். அதை ஆயிரம் ரூபாய் ப்ளூடூத்தே காட்டும். ஏபிஎஸ், ஏர்பேக், இன்ஜெக்டர் கோடிங் என்று இறங்கினால்தான் பெரிய ஸ்கேனர், அது என் தொழிலுக்கு வேண்டியது. ஆனால் மலிவு நகல்களில் சில எல்லா வண்டியோடும் இணையாது. யாரிடமாவது இரவல் வாங்கி உன் வண்டியில் இணைகிறதா என்று பார்த்துவிட்டு அதே மாடலை வாங்கு.

சென்சாரைச் சோதிக்க நம் மலையே போதும். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, மேப் என்று வரும் எண்ணைப் பார், அதுதான் பூஸ்ட் சென்சார் அளக்கும் அழுத்தம். அப்போது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். கூடலூரில் 96, 97 கிலோபாஸ்கல் வரும். குமுளி சுமார் 500 மீட்டர் உயரம் கூடுதல், அங்கே 91 போல இறங்க வேண்டும். இறங்கினால் சென்சார் பெரும்பாலும் நல்லது.

அப்புறம் கையை விட்டுத் தேடு. போன மழையில் இதே கோடோடு ஒரு ஜீப் வந்தது. டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் மேலே பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. அடிப்பக்கம் தடவினேன், விரலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்துவிட்டு இரண்டு கையாலும் மடக்கினேன், கிளாம்ப் ஓரத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு வாய் பிளந்தது. விட்டால் மூடிக்கொள்ளும். மேட்டில் அழுத்தம் ஏறினால்தான் திறக்கும், அதனால்தான் சமதளத்தில் யார் ஓட்டிப் பார்த்தாலும் குறை தெரியவில்லை. ஹோஸ் சரியாக இருந்தால் டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் சன்னமான வாக்குவம் குழாயைப் பார். எரர் கோடை அழிக்கும் முன் ஸ்கேனரில் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் போட்டோ எடுத்து வை, கோடு விழுந்தபோது எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு லோடு என்று அதில் இருக்கும்.

கூடலூர் ஜீப்:
அண்ணே, ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மகனிடம் ஓபிடி வாங்கிப் போட்டேன். வீட்டு வாசலில் 97, குமுளி பஸ் ஸ்டாண்ட் பக்கம் 91. நீங்கள் சொன்னது அப்படியே வந்தது. ஹோஸில் ஒன்றுமில்லை. வாக்குவம் குழாயைத்தான் எலி கடித்திருக்கிறது, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் ஓரத்தில் நாலு பல் தடம். ஒரு முழம் குழாய் வாங்கி மாற்றினேன். இன்று பத்துப் பேரோடு லைட் எரியாமல் ஏறிவிட்டேன். கழற்றிய சென்சாரை ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன், அது நல்லதுதானே?

குமுளி மெக்கானிக்:
ஒருநாள் மாட்டி, அதே 97, 91 வருகிறதா என்று பார். வந்தால் துணியில் சுற்றி டேஷ்போர்டில் வை, ஸ்பேர் ஆகும். ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துகிறாய்? வைக்கோல் போர் பக்கம் என்றால் இடத்தை மாற்று.